ஆடிக் கூழும் அப்பாவின் பிரஷர் டெஸ்டும்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
ஆவணி முதல் வாரம்

அன்பு மகள் மைதிலிக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். கடிதம் என்றால் முதல் வரியில் சுகம் என்றுதான் எழுதுவோம், காய்ச்சலில் படுத்திருந்தாலும் அப்படித்தான் எழுதுவோம், ஆனால் இந்தத் தடவை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே சுகம், அது எப்படிப்பட்ட சுகம் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம். நீயும் ஸ்டுட்கார்ட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்தோடு தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். தினமும்தான் வீடியோவில் பார்க்கிறோமே, எதற்கு அம்மா கடிதம் என்று நீ கேட்பாய். வீடியோவில் உன் அப்பா என்றைக்கு என்னை ஒரு வார்த்தை முழுசாகப் பேசவிட்டார்? போனை நான் பிடித்திருப்பேன், முகம் அவருடையது தெரியும். அதுவுமில்லாமல் நான் சொல்லப் போவது அவரைப் பற்றி, அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு லட்சுமம்மாவின் பேரன் தேஜஸ் உங்கள் ஊர்ப் பக்கம் படிக்க வருகிறான், அவன் பெட்டியில் பருப்புப் பொடிக்கும் கறிவேப்பிலைப் பொடிக்கும் நடுவில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். பொடி வாசனை அடித்தால் கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவின் நெஞ்செரிச்சல் கதை உனக்குத் தெரியும், ஆனால் நீ தெரிந்துகொண்டது பாதிதான். படுத்தால் புளிப்பாகத் தொண்டை வரைக்கும் ஏறும், இருமி இருமி எழுந்து உட்காருவார், அதனால் ஹாலில் அந்த வயர் பின்னிய ஈசிசேரில் சாய்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார், நீ கிளம்பிப் போன வருஷம் தொடங்கியது, நாலு வருஷம் ஆகிவிட்டது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தார், பாதி குறையும், மீதி அப்படியே நிற்கும். சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், ஆறிய பால், யார் எதைச் சொன்னாலும் குடித்துப் பார்த்தார். இது பித்தம்தான் என்று நான் அப்போதே சொன்னேன், யார் கேட்டார்கள்? கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினால் சரியாகும் என்று ஒருத்தர் சொல்ல, அதையும் செய்தோம், விடிந்து பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் வழுக்கிக்கொண்டு போய்க் கால்மாட்டில் குவிந்து கிடக்கிறோம். அன்றைக்குச் சிரித்தோம். அப்புறம் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் ஹாலில் சேரில், நான் உள்ளே கட்டிலில். அடுப்பங்கரையும் செத்துப்போனது. கருவாடு வாங்குவதை விட்டேன், மிளகாய் கிள்ளுவதை விட்டேன், அவருக்கு மட்டும் ரசம்கூட இல்லாமல் மோர்ச்சோறு போட்டுவிட்டு நான் எதிரில் உட்கார்ந்து காரக்குழம்பு சாப்பிட எனக்கு மனசு வருமா? நானும் அதையேதான் சாப்பிட்டேன். இதையெல்லாம் நான் போனில் உன்னிடம் சொன்னதில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

சித்திரையில் நம் டாக்டர், இப்படி மாத்திரை சாப்பிட்டும் அடங்காதவர்களுக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நாங்கள் சொன்னதும் நீ அன்றைக்குப் போனில் கத்தினாயே, அப்பா என்ன எலியா, அவரைப் பிடித்துப் பரிசோதனை செய்வதற்கு என்று, எனக்கும் அதே பயம்தான், உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அங்கே இருந்த டாக்டர் வீணா, கன்னடக்காரப் பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், எங்களை உட்காரவைத்து தமிழும் கன்னடமுமாக நிதானமாக எல்லாம் சொன்னாள். எப்போது வேண்டாம் என்று தோன்றுகிறதோ அப்போதே விலகிக்கொள்ளலாம், பழைய மாத்திரையை நிறுத்தமாட்டோம், அதோடு சேர்த்து இந்தப் புது கேப்ஸ்யூல், ஆனால் பாதிப் பேருக்குத்தான் நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் கேப்ஸ்யூல், யாருக்கு எது என்று எனக்கே தெரியாது, சோதனை எல்லோருக்கும் முடிந்த பிறகுதான் தெரியும், வெறும் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்கள் விரும்பினால் அதற்கப்புறம் நிஜ மருந்து கொடுப்போம் என்றாள். நான் இதென்ன கண்ணாமூச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், உன் அப்பா முகத்தைப் பார்க்கவேண்டுமே, தீபாவளிக்குப் புதுச்சட்டை கிடைத்த மாதிரி. பீன்யா ஃபேக்டரியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்த மனுஷன் ரிட்டயர் ஆனதிலிருந்து சோதிப்பதற்கு என் சாம்பாரைத் தவிர ஒன்றும் கிடைக்காமல் இருந்தார் பார்.

மருந்துக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க மூக்கு வழியாக மெல்லிய டியூப் ஒன்றை உள்ளே விட்டு, அதன் மறுமுனையை இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டியில் மாட்டிவிட்டார்கள். எரிச்சல் வந்தால் ஒரு பட்டன், சாப்பிட்டால் ஒரு பட்டன், படுத்தால் ஒரு பட்டன் அமுக்கவேண்டும். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் முதலில் டாக்டர் வீணாவிடம் இந்தப் பெட்டி அளவு சரியாகக் காட்டுகிறதா, கடைசியாக எப்போது கேலிபரேஷன் செய்தீர்கள், சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினாள். அப்புறம் மூக்கில் டியூப், கன்னத்தில் பிளாஸ்திரி, அப்படியே பஸ் ஏறி பிரேசர் டவுனுக்கு ஓஸ்வால்ட் வீட்டுக்குப் போய்விட்டார். ஓஸ்வால்ட் அண்ணன் உனக்கு ஞாபகம் இருக்கும், கோலார் தங்கவயலில் அப்பாவோடு ஒரே பள்ளிக்கூடம், அப்புறம் ஒரே ஃபேக்டரி, உனக்கு கிறிஸ்மஸுக்குக் கல்கல் பலகாரம் டப்பாவில் கொண்டுவருவாரே அவர்தான். அங்கே போய் இரண்டு பேரும் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர் முதற்கொண்டு எல்லோருக்கும் விளக்கம் வேறு சொன்னாராம், டிக்கெட் எடுக்க மறந்துவிட்டாராம்.

அந்த டெஸ்டில் என்ன தெரிந்தது என்றால், சாப்பாட்டுக் குழாயும் வயிறும் சேருகிற இடத்தில் ஒரு வால்வு மாதிரி இருக்கிறதாம், அது இவருக்குச் சரியாக மூடுவதில்லையாம், வயிற்றில் இருப்பது மேலே வந்துவிடுகிறதாம். வால்வு என்ற வார்த்தையைக் கேட்டதும் உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னே? வாழ்க்கை முழுக்க வால்வு செக் செய்தவர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே பேச்சு, ஊருக்கெல்லாம் லீக் இல்லாத வால்வு அனுப்பிவிட்டு எனக்குள்ளேயே ஒரு லீக் பீஸை வைத்திருந்தேனே ஜெகதா என்று. நான், ஆமாம், உங்களை வாங்கும்போது எங்கப்பா செக் பண்ணாமல் வாங்கிவிட்டார் என்றேன். அன்றைக்கு ஆட்டோக்காரரும் சிரித்தார்.

கேப்ஸ்யூல் ஆரம்பித்தது. தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், இன்றைக்கு எரிச்சல் எப்படி, இருமல் எப்படி என்று கேட்பார்கள், இவர் மைக்ரோமீட்டர் பார்த்துச் சொல்வதுபோல் யோசித்து யோசித்துச் சொல்வார். வைகாசி போய் ஆனி வந்தது. இருமல் குறைந்தது, மைதிலி. எனக்குத்தானே தெரியும், சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து அந்த இருமலைக் கேட்டவள் நான்தானே. முதலில் குறைந்தது, அப்புறம் நின்றே போனது. கட்டில் விரிப்பை மாற்றினேன், இலவம்பஞ்சு வாங்கி அவர் தலையணையைப் பிரித்து அடைத்து, புது உறை தைத்துப் போட்டேன். கண்ணில் படட்டும் என்று இரண்டு தலையணையும் பக்கம் பக்கமாக வைத்துக் கதவைத் திறந்தே வைத்தேன். இவர் வருகிறார், பார்க்கிறார், தலையணை நன்றாக இருக்கிறதே என்கிறார், போய் ஈசிசேரில் சாய்ந்துகொள்கிறார். கேட்டால், பார்க்கலாம், பார்க்கலாம். பெற்ற பெண்ணிடம் எழுதுகிற விஷயமா இது என்று இருக்கிறது, ஆனால் உனக்கும் கல்யாண வயது, நீயும் தெரிந்துகொள். எனக்கு மனசு ரொம்ப வலித்தது. நாலு வருஷத்தில் மனுஷருக்குத் தனியாகத் தூங்கிப் பழகிவிட்டது, இனிமேல் நான் வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அதற்கு மேல் கேட்க ரோஷம் விடவில்லை. கோபத்தையெல்லாம் பாத்திரத்தின் மேல் காட்டினேன், இரண்டு டம்ளர் நெளிந்ததுதான் மிச்சம்.

இந்த நேரத்தில் ஆடி பிறந்தது. நம் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் இவர் ஈசிசேரில் உட்கார்ந்துகொண்டு, இந்த வருஷம் நான் கூழ் குடிக்கப்போகிறேன் என்று அறிவித்தார். சரி, அம்மன் கூழ், ஒரு வாய் குடியுங்கள் என்றேன். ஒரு வாய் இல்லையாம். வயிறு முட்டக் குடிப்பாராம், கூடவே பச்சை வெங்காயம், மிளகாய், கருவாட்டுக் குழம்பு, மாங்காய் ஊறுகாய், எல்லாம் வேண்டுமாம். குடித்துவிட்டு உடனே பாயில் மல்லாந்து படுப்பாராம். ஏன் என்று கேட்டதற்கு, இத்தனை நாள் மோர்ச்சோறு சாப்பிட்டு எரியவில்லை என்றால் அதில் என்ன இருக்கிறது, மூடி வைத்த வால்வில் தண்ணீரே விடாமல் லீக் இல்லை என்று எழுதிக்கொடுக்க முடியுமா, பிரஷர் கொடுக்காமல் ஒரு பீஸைக்கூட நான் பாஸ் செய்ததில்லை என்கிறார். எனக்கு வந்ததே கோபம். நீங்கள் என்ன பித்தளையா, பிளந்துகொண்டால் வேறு பீஸ் போட என்று கேட்டேன். நாலு வருஷத்துக்குப் பிறகு ஏதோ கொஞ்சம் சுகமாக இருக்கிறீர்கள், அதைக் கெடுத்துக்கொண்டு மறுபடியும் ராத்திரியெல்லாம் இருமப்போகிறீர்கள், அந்த டாக்டர் பெண் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கத்தினேன். டாக்டரே எப்போதும்போல் சாப்பிடச் சொல்லியிருக்கிறாள், ஆடியில் கூழ் குடிப்பது நமக்கு எப்போதும்போல்தானே என்று அதற்கும் ஒரு பதில்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கோயிலில் மைக் செட் போட்டுவிட்டார்கள், தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம், பெரிய அண்டாவில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. ஓஸ்வால்ட் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இறங்கினார், எதற்கு என்றால், இன்ஸ்பெக்ஷனுக்கு சாட்சி வேண்டுமாம். இரண்டு கிழங்களும் சேர்ந்துதான் திட்டம் போட்டிருக்கின்றன. நான் முகம் கொடுத்துப் பேசாமல் உள்ளே போய்க் கருவாட்டை அலசிக்கொண்டிருந்தேன். உன் அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது, ஃபேக்டரி சத்தத்தில் கெட்ட காது, ஹாலில் அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஓஸ்வால்ட் அண்ணன் அவரிடம், ஏன் சீனு இந்த விஷப்பரீட்சை, சும்மா உள்ளே போய்ப் படுக்கவேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறார் போல. அதற்கு இவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "நாலு வருஷமா அவ தனியா படுத்துட்டிருக்கா, ஓஸ்வால்ட்டு. நான் பாட்டுக்கு சரியாயிடுச்சின்னு தலகாணிய தூக்கிகினு உள்ள போயி, நாலாம் நாளு இருமிகினே திரும்பி வந்தேன்னு வச்சிக்கோ, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா தாங்க மாட்டா. நல்லா பாஸ் ஆயிடுச்சின்னு தெரிஞ்சாதான் உள்ள போவேன்."

கையில் கருவாட்டுச் சட்டியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன், மைதிலி. பைப்பில் தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, கார்ப்பரேஷன் தண்ணீர் வருவதே ஒரு மணி நேரம், அதை மூடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இத்தனை நாள் என்னை வேண்டாம் என்று ஒதுங்கினவர் என்று நான் நினைத்த மனுஷர், எனக்காகத்தான் அந்தச் சேரில் உட்கார்ந்திருந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் என்ன, குழம்பில் இன்னும் ஒரு கை மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டேன். டெஸ்ட் என்று ஆகிவிட்டது, நன்றாகவே நடக்கட்டும். வெங்காயம் நறுக்கினேன், அப்பளம் பொரித்தேன், முருங்கைக்கீரை வதக்கினேன், கோயிலில் படைத்து முடிந்ததும் நானே சொம்பை எடுத்துக்கொண்டுபோய்க் கூழ் வாங்கிவந்தேன். நேற்று கத்தின பெண்பிள்ளை இன்றைக்கு இரண்டாவது சொம்பு ஊற்றுகிறாளே என்று இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சாப்பிட்டார் பார், மைதிலி, நாலு வருஷப் பசியை ஒரே நாளில் சாப்பிட்டார். வெங்காயத்தைக் கடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். கருவாட்டு முள்ளைக்கூட விட்டுவைக்கவில்லை.

சாப்பிட்டு எழுந்து கை கழுவி, ஹாலில் பாய் விரித்து மல்லாந்து படுத்தார். தலைக்குத் தலையணைகூட வேண்டாம் என்றுவிட்டார், அது இருந்தால் டெஸ்ட் செல்லாதாம். ஓஸ்வால்ட் அண்ணன் ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூழ் கொடுக்கக் கிண்ணத்தோடு வந்த லட்சுமம்மா என்ன நடக்கிறது என்று புரியாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் எரிச்சலுக்குக் கொடுக்கும் சிரப் பாட்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அம்மன் குங்குமம். தாயே, இவரை எழுந்து உட்காரவைத்துவிடாதே, எழுந்து உட்கார்ந்தால் இனி ஜென்மத்துக்கும் இந்த மனுஷர் உள்ளே வரமாட்டார் என்று வேண்டிக்கொண்டே நிற்கிறேன். அவர் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார், நான் சிரப் மூடியைத் திறக்கப் போய்விட்டேன். அப்புறம் கண்ணை மூடினார். மயக்கம் போட்டுவிட்டாரோ என்று நான் குனிந்து மூக்குக்கு நேராக விரலை வைத்துப் பார்க்கிறேன், அந்த நேரம் பார்த்து, யானை பிளிறின மாதிரி ஒரு குறட்டை விட்டார் பார், நான் பின்னால் விழாத குறை. ஓஸ்வால்ட் அண்ணன் சிரிப்பை அடக்க வாயில் கர்ச்சீப் வைத்துக்கொண்டார். லட்சுமம்மா, மல்கிதாரெ, எப்பிஸ்பேடி என்று காதோடு சொன்னாள், தூங்குகிறார், எழுப்பாதே என்று. யார் எழுப்பப் போகிறார்கள்? விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் தூங்கினார். வெளியே மைக்கில் அம்மன் பாட்டு, மேளம், வெடி, எதற்கும் அசையவில்லை.

இதோடு கதை முடிந்திருக்கவேண்டும், முடியவில்லை. அன்று சாயங்காலம் போன் வந்தபோது இந்தப் பெருமை முழுவதையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். இரண்டு நாளில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்ற பயத்தில், டாக்டர் வீணாவைப் பார்த்ததும், தப்பெல்லாம் கூழ் ஊற்றின என்னுடையது அம்மா, அவரை எடுத்துவிடாதீர்கள் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அந்தப் பெண் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் தலையில் கை வைத்துக்கொண்டாள். பண்டிகைச் சாப்பாடு சாப்பிட்டதற்காக யாரையும் நீக்கமாட்டோம், சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வேன், ஆனால் இனிமேல் உங்கள் இஷ்டத்துக்கு டெஸ்ட் எதுவும் செய்யக்கூடாது, நெஞ்சில் வேறு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று நன்றாகவே கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். "அங்கிள், நீங்க டெஸ்ட் பண்ணது வால்வு. இந்த மருந்து வால்வைத் தொடவே தொடாது. மேல வர்ற பித்தத்தைப் பிடிச்சு வைக்கும், அஷ்டே" என்றாள், அவ்வளவுதான் என்று. வால்வு முன்னே எப்படியோ இப்போதும் அப்படித்தானாம், வெறும் கேப்ஸ்யூலாக இருந்தால் பித்தத்தைப் பிடிப்பதுகூட இல்லையாம். பித்தம் என்று நான் ஆரம்பத்திலேயே சொன்னேனே என்று எனக்கு ஒரு பக்கம் பெருமை. உன் அப்பா முகம் சுண்டிவிட்டது. முப்பது வருஷ இன்ஸ்பெக்டர், தப்பான பார்ட்டைப் போய் டெஸ்ட் செய்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நேராகப் போய் ஈசிசேரில் உட்கார்ந்துகொண்டார். செல்லாத டெஸ்ட், ஜெகதா, பாஸ் கிடையாது என்றார். மருந்தா வெறும் மாவா என்று தெரிகிறவரைக்கும் அங்கேயே இருப்பதாக முடிவு. அது தெரிவதற்குத் தை மாசம்கூட ஆகலாமாம்.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறுத்தது போதும் என்று ஆனது. மறுநாள் காலை அவர் பால் வாங்கப் போனதும் லட்சுமம்மாவைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, அந்த ஈசிசேரை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டு, அதன்மேல் துணி விரித்து, நாலு வருஷமாக வாங்காமல் விட்டு இந்த ஆடிக்கு வாங்கியிருந்த மிளகாயைக் காயப்போட்டுவிட்டேன். இவர் பால் பாக்கெட்டோடு வந்து ஹாலில் நின்று இப்படியும் அப்படியும் பார்க்கிறார். சேர் எங்கே என்று கேட்டார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன், இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் இப்படிப் பேசினதே இல்லை. "நீங்க இன்ஸ்பெக்டர், சரி. வாங்கறவங்க யாரு? நான்தானே? நான் பாத்துட்டேன், எனக்குப் புடிச்சிருக்கு, எடுத்துக்கிட்டேன். எரிஞ்சா எழுந்து உக்காருங்க, நானும் உக்காருறேன். அடங்கினதும் ரெண்டு பேரும் படுத்துக்கலாம். அதுக்கு எதுக்கு உங்களுக்கு சர்டிஃபிகேட்டு?" அன்றைக்கு அவர் ஹாலில் பேசினதெல்லாம் எனக்குக் கேட்டது என்று நான் சொல்லவே இல்லை, ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது, காது வரைக்கும் சிவந்துபோனார், இந்த வயதில். பால் கெட்டுப்போகும், காய்ச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து புதுத் தலையணையை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

அன்று ராத்திரியிலிருந்து அப்படித்தான் ஆனது, மைதிலி, உள்ளேதான் படுக்கிறார். நடுவில் ஒரே ஒரு தடவை எரிச்சல் என்று எழுந்து உட்கார்ந்தார், சொன்னபடி நானும் எழுந்து உட்கார்ந்தேன், உன்னைச் சின்ன வயதில் லால்பாக்கில் தொலைத்துவிட்டுத் தேடின கதையைப் பேசிக்கொண்டிருந்தோம், அடங்கிவிட்டது, படுத்துவிட்டோம். அவருக்குக் கிடைப்பது நிஜ மருந்தா வெறும் கேப்ஸ்யூலா என்று இன்னும் தெரியாது. முன்பெல்லாம் அதை நினைத்து பயந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. நிஜமாக இருந்தால் நல்லது, வெறும் கேப்ஸ்யூலாக இருந்தால் நிஜம் இனிமேல்தான் வரப்போகிறது, இரண்டிலும் நமக்கு நஷ்டமில்லை என்று இவரே இப்போது ஓஸ்வால்ட் அண்ணனுக்குப் போனில் விளக்கம் சொல்கிறார். டாக்டர் வீணாவுக்கு அடுத்த தடவை போகும்போது கொஞ்சம் கருவாட்டுப் பொடி கொண்டுபோகலாமா என்று கேட்கிறார், நான் அந்தப் பெண் சைவமாக இருக்கப் போகிறாள், சும்மா இருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ ஒன்று செய். காலையில் வெறும் வயிற்றில் கறுப்புக் காபி குடித்துவிட்டு ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும், வீடியோவில் பின்னால் அந்த டம்ளர் தெரிகிறது. அதை விடு. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காதே, அப்பாவின் வயிறு உனக்கும் வந்திருக்கலாம், வாய் வந்திருக்கிறதே. ஏதாவது எரிச்சல் இருந்தால் மறைக்காமல் டாக்டரைப் பார், நீயாக எந்த டெஸ்டும் வைத்துக்கொள்ளாதே, ஒரு வீட்டுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் போதும். தேஜஸ் முதல் தடவை வெளிநாடு வருகிறான், பயப்படுவான், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சோறு போடு. கருவாடு அனுப்பவில்லை, அங்கே ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். நீ கார்த்திகையில் வா, மிளகாய் காய்கிறது, அரைத்து வைக்கிறேன், இந்த வீட்டில் மறுபடியும் காரம் புழங்குகிறது.

மாரியம்மன் உனக்கு நல்ல உடம்பையும், பசித்து உண்ணும் சாப்பாட்டையும், படுத்ததும் வரும் தூக்கத்தையும் கொடுக்கட்டும், அதைவிடப் பெரிய வரம் எனக்கு இப்போது தெரியவில்லை. ஞாபகம் வைத்துக்கொள், இதில் எழுதினதை வீடியோவில் கேட்டுவிடாதே, அவர் வெட்கப்பட்டு மறுபடியும் மாடிக்குப் போய் மிளகாயைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்வார். எனக்கு மட்டும் ஒரு புகார் இருக்கிறது, யாரிடம் சொல்வது, உன்னிடம்தான் சொல்லவேண்டும். ராத்திரி இவர் குறட்டையில் எனக்குத் தூக்கமே இல்லை. லட்சுமம்மா காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று சொல்லி ஒரு பொட்டலம் கொடுத்தாள். அது ஜன்னலில் அப்படியே இருக்கிறது. வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

உன் அம்மா
ஜெகதாம்பாள்